பங்கு வாங்கினால் மட்டும் போதுமா? தேதியையும் பாருங்கள்!

ஒரு கம்பெனியில் பங்கு வாங்கிவிட்டால், "இனி கவலை இல்லை, அது பாட்டுக்கு வளரும்" என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இது தவறு. பங்கு, பெட்டியில் வைத்துப் பூட்டும் நகை அல்ல. அது கறவை மாடு போல! பால் தரும், கன்று போடும். ஆனால் கவனிக்காமல் விட்டால், கட்டுத்தறியை விட்டே போய்விடும்.

அது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு வகை

பங்குதாரர்களுக்கு லாபமோ மாறுதலோ உண்டாகும்படி கம்பெனி எடுக்கும் முடிவுகளைப் பங்கு வியாபாரத்தில் "கார்ப்பரேட் ஆக்ஷன்" என்று சொல்லுகிறார்கள். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் இரண்டே வகைதான்.

ஒன்று, நீங்கள் கேட்காமலே வருவது. மற்றொன்று, நீங்கள் சம்மதம் சொன்னால்தான் வருவது.

தானாக வருவது

கம்பெனி, லாபத்தில் ஒரு பகுதியைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது "டிவிடெண்ட்". இது நேராக உங்கள் பாங்கிக் கணக்குக்கு வந்துவிடும்.

பணத்துக்குப் பதிலாகப் பங்கையே இலவசமாகக் கொடுப்பது "போனஸ்". ரிலையன்ஸ் கம்பெனி 2024-ம் ஆண்டு அக்டோபரில் ஒரு பங்குக்கு ஒரு பங்கு போனஸ் கொடுத்தது. 100 பங்கு வைத்திருந்தவருக்கு 200 பங்கு ஆயிற்று.

ஒரே பங்கைப் பல பங்குகளாக உடைப்பதும் உண்டு. ரெயில்வே டிக்கெட் விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி. கம்பெனி, 2021-ம் ஆண்டு அக்டோபரில் 10 ரூபாய் பங்கு ஒன்றை 2 ரூபாய் பங்குகள் ஐந்தாக உடைத்தது.

உடனே சொத்து ஐந்து மடங்கு ஆகிவிட்டதா? இல்லை! பங்கின் எண்ணிக்கை கூடும்போது விலையும் அதற்குத் தகுந்தபடி இறங்கிவிடும். ஒரு தோசையை ஐந்தாகப் பிய்த்தால், தோசை பெரிதாகிவிடுமா?

இது தெரியாதவர்கள், "விலை விழுந்துவிட்டதே!" என்று பதறி, பங்கை விற்றுவிடுவார்கள். விலை குறைந்தால், முதலில் பங்கின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

இரண்டு கம்பெனிகள் ஒன்று சேரும்போதும் பங்கு தானாகவே மாறும். 2023-ம் ஆண்டு ஜூலையில் எச்.டி.எப்.சி. கம்பெனி, எச்.டி.எப்.சி. பாங்கியோடு இணைந்தது. பழைய கம்பெனியின் 25 பங்குகளுக்குப் பாங்கியின் 42 பங்குகள் கிடைத்தன.

கேட்டால்தான் வருவது

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

கம்பெனிக்குப் பணம் தேவைப்படும்போது, பழைய பங்குதாரர்களுக்கு முதல் உரிமை கொடுத்துப் புதிய பங்கு விற்கும். இதற்கு "உரிமைப் பங்கு" என்று பெயர்.

2020-ம் ஆண்டு ரிலையன்ஸ் கம்பெனி இப்படி விற்றது. 15 பங்கு வைத்திருந்தவர் ஒரு புதிய பங்கு வாங்கலாம். விலை 1,257 ரூபாய். அதிலும் மனுச் செய்யும்போது 314 ரூபாய் 25 காசு கட்டினால் போதும். மீதியை 2021-ம் ஆண்டில் இரண்டு தவணையாகக் கட்ட வேண்டும்.

வேண்டாம் என்பவர்கள் அந்த உரிமையைப் பிறருக்கு விற்கவும் வழி இருந்தது. வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை என்றால்? கெடு முடிந்ததும் உரிமை செல்லாமல் போய்விடும். பணம் போனதே தெரியாது!

காவல்காரர் யார்?

முன்பு பங்குகள் காகிதப் பத்திரங்களாக இருந்தன. 1996-ம் ஆண்டில் சட்டம் வந்து, பங்குகளைக் கணக்கில் எழுதிக் காப்பாற்றும் முறை ஏற்பட்டது. இந்தியாவில் என்.எஸ்.டி.எல்., சி.டி.எஸ்.எல். என்று இரண்டு காப்பகங்கள் இருக்கின்றன. உங்கள் பாங்கியோ, தரகரோ அவற்றின் ஏஜெண்டாக இருந்து "டிமேட்" கணக்கு திறந்து கொடுக்கிறார்.

பெரிய நிதி நிறுவனங்கள், தங்கள் பங்குகளைக் காக்கத் தனிக் காப்பாளரை வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்கின்றன. கம்பெனியின் அறிவிப்பை யார் தெரிவிப்பது? எந்தத் தேதிக்குள் பதில் சொல்லுவது? பதில் வராவிட்டால் என்ன செய்வது? இவை எல்லாம் அதில் தெளிவாக இருக்கும்.

நீங்கள் கணக்கு திறந்தபோதும் இதைப் போன்ற உரிமைகளும் கடமைகளும் அடங்கிய தாள் ஒன்று கொடுத்திருப்பார்கள். அதை ஒரு தடவையாவது படியுங்கள். காவல்காரர் சரக்கைக் காப்பார்; முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

பதிவுத் தேதி

போனஸ், டிவிடெண்ட் எல்லாவற்றுக்கும் கம்பெனி ஒரு "பதிவுத் தேதி" குறிக்கும். அன்று யார் கணக்கில் பங்கு இருக்கிறதோ, அவருக்கே பலன். இப்போது பங்கு வாங்கினால் அது கணக்கில் சேர ஒரு வேலை நாள் ஆகிறது. ஆகவே பதிவுத் தேதியன்று வாங்குகிறவருக்குப் பலன் கிடைக்காது. முந்தின வேலை நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

7 ஆண்டு எச்சரிக்கை!

தாத்தா வாங்கிய பங்கு, தகரப் பெட்டியில் கிடக்கிறதா? உடனே எடுத்துப் பாருங்கள்!

தொடர்ந்து 7 ஆண்டுகள் டிவிடெண்டைப் பெறாமல் இருந்தால், அந்தப் பணம் மட்டும் அல்ல, பங்கும் மத்திய அரசாங்கத்தின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். 2013-ம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் இப்படிச் சொல்லுகிறது.

பயப்பட வேண்டாம். சொந்தக்காரரோ, வாரிசோ மனுச் செய்து திரும்பப் பெறலாம். ஆனால் அதற்குச் சான்றுகள் தேடி அலைய வேண்டும்.

அந்த அலைச்சல் எதற்கு? விலாசம் மாறினால் தெரிவியுங்கள். டெலிபோன் எண்ணையும் பாங்கிக் கணக்கையும் சரியாகக் கொடுங்கள். வாரிசுதாரர் பெயரைப் பதிவு செய்யுங்கள். கம்பெனியிலிருந்து தகவல் வந்தால், அதில் உள்ள கடைசித் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே என்ன பங்கு இருக்கிறது என்பதை மனைவி மக்களிடம் சொல்லி வையுங்கள். வீட்டாருக்குத் தெரியாத சொத்து, இருந்தும் இல்லாததுதான்!