மூடாத அடையில் கை வைக்கலாமா?

குமரி மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. குலசேகரம், மார்த்தாண்டம் வட்டாரத்து ரப்பர் மரங்கள் மார்கழி, தை வாக்கில் இலை உதிர்த்துப் புதிதாகத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருகிற இடத்தில் உள்ள சிறிய சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். தேனீக்கள் மொய்ப்பது அதற்காகத்தான். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் ஏழைக் குடும்பங்களுக்குத் துணைத் தொழிலாகத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். அந்தத் தொழில் வளர்ந்து, 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது நாகர்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் தென்னையும் முருங்கையும் புளியும் நிற்கிற வீட்டு விளைகளில் ஓரிரு பெட்டி வைக்கிறார்கள். இவர்கள் பெரிய வளர்ப்பாளர்களின், வாரமொருமுறை தேன் எடுக்கும் அறுவடை முறையை அப்படியே பின்பற்றக் கூடாது என்பது என் கருத்து. தேனீக்கள் அடையை மெழுகால் மூடும்வரை வீட்டுக்காரர் பொறுத்திருக்க வேண்டும். மூடிய பிறகும் முழுவதையும் எடுக்கக் கூடாது.

மூடும்வரை பொறுத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் ஈரம். பூவிலோ இலையிலோ கிடைக்கும் இனிப்பு நீரில் பாதிக்கு மேல் வெறும் தண்ணீர்தான். தேனீ அதை வயிற்றுப் பையில் சுமந்து வந்து, வாய்க்கு வாய் மாற்றி, நொதிகளைச் சேர்த்து, சர்க்கரையைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிக்கிறது. பிறகு அறைகளில் மெல்லிசாகப் பரப்பி இரவெல்லாம் சிறகால் விசிறுகிறது. பதநீரைக் கருப்பட்டிப் பதத்துக்குக் கொண்டுவர நாம் விறகை எரிக்கிறோம். தேனீ சிறகையும் உடல் சூட்டையும் வைத்தே நீரை வற்ற வைக்கிறது. இதில் வியப்பு என்னவென்றால், பதமான தேன் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்துக்கு மேல் போனாலே தண்ணீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். நம் கடலோரக் காற்று பெரும்பாலும் அதைவிட ஈரமானது. கூட்டுக்குள் புழு வளரும் பகுதியில் வெப்பம் 33 முதல் 35 டிகிரி வரை இருப்பதாலும், விசிறல் ஓயாததாலும்தான் அங்கே தேன் வற்றுகிறது. வற்றியதும் மெழுகால் மூடி, வெளிக்காற்று படாமல் அடைக்கின்றன வேலைக்காரத் தேனீக்கள். அந்த மூடிதான் தேன் முதிர்ந்ததற்கு நமக்குக் கிடைக்கும் நம்பகமான அடையாளம்.

மூடாத தேனை எடுத்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் கூடாது என்கிறது. அதைத் தாண்டினால் தேனில் இயல்பாகவே உள்ள ஈஸ்ட் நொதிக்கத் தொடங்கும். நுரை தட்டி, புளித்த வாடை வரும். காய்ச்சி ஈரத்தைப் போக்கலாமே என்பார்கள். போக்கலாம், ஆனால் சூடு ஏற ஏற, தேனீ சேர்த்த நொதிகள் அழியும், மணம் போகும், எச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருள் கூடும். தேனை முதிரும் முன்பே எடுக்கும் அவசரத்துக்கு இது பெரிய விலை.

‘ரப்பர் துளிர்க்காலம் குறுகியது. பெட்டியில் தேன் சேரும் மேல் அறை நிரம்பிக் கிடந்தால் தேனீ சேகரிப்பது குறையாதா?’ என்ற கேள்வி நியாயமானது. நூற்றுக்கணக்கான பெட்டிகளை ரப்பர் தோட்டங்களில் வைத்திருப்பவர் வாரமொருமுறை சுற்றி வந்து எடுப்பதற்கு ஆள்கூலியும் காலமும் காரணம். இரண்டு பெட்டிக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. இடம் போதாவிட்டால் இன்னொரு மேல் அறையை ஏற்றி வைத்தால் போதும். அடை கட்டியிருக்கும் ஒரு சட்டத்தைத் தூக்கி முக்கால்வாசிக்கு மேல் மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சட்டத்தைக் கிடையாகப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினால் மூடாத பகுதியிலிருந்து துளி தெறிக்கக் கூடாது. தெறித்தால் திரும்ப வைத்துவிட வேண்டியதுதான். மழைநாளில் எடுப்பதும், எடுத்த தேனை வாயகன்ற பாத்திரத்தில் மூடாமல் வைப்பதும் தேனீ வற்றவைத்த நீரை மறுபடி சேர்ப்பதாகவே முடியும். நம் ஊர்க் காற்றில் மூடிய தேனிலும் சில சமயம் ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்கும் என்பதும் உண்மை. அதற்காக மூடாத தேன் நல்லதாகிவிடாது.

எடுக்கும் முறை எளிது. சிறிது புகை போட்டால் தேனீக்களின் எச்சரிக்கை வாசனை மறைந்து அவை அடங்கும். வெந்நீரில் நனைத்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, சட்டத்தைச் சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் தேன் தெறித்துவிடும், அடை உடையாது. 1865இல் ஃபிரான்ஸ் வான் ஹ்ருஷ்கா கண்டுபிடித்த இந்தக் கருவியால், புது மெழுகு கட்டும் செலவு தேனீக்கு மிச்சம். கீழே உள்ள புழு அறையில் கை வைக்கவே கூடாது.

முழுவதையும் எடுத்துவிட்டு மழைக்காலத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்தால் என்ன என்பது அடுத்த வாதம். ஆனி முதல் கார்த்திகை வரை மழை வந்து வந்து போகிற நம் மாவட்டத்தில் உணவு கிடைக்காத நாட்கள் அதிகம். பட்டினி என்றால் இந்தியத் தேனீ கூட்டையே விட்டுப் பறந்துவிடும். 1991-92இல் தாய்லாந்து பை நோய் வைரஸ் தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டங்களை அழித்ததை மறக்காதவர்கள், மெலிந்த கூட்டத்தின் ஆபத்தை அறிவார்கள். பாகு அவசரத்துக்கு உதவும். ஆனால் தின்றது போக மீந்த பாகைத் தேனீ அடையில் சேர்த்துவிடும். அடுத்த அறுவடையில் அதுவும் கலந்து வரும். கரும்பு சி4 வகைத் தாவரம், ரப்பரும் தென்னையும் சி3 வகை. இரண்டின் சர்க்கரையிலும் கார்பன் ஐசோடோப்பு விகிதம் வேறுபடும். ஆய்வகத்தில் அது பிடிபடும். கலப்படம் செய்ய எண்ணாதவர் கையிலும் கலப்படத் தேன் வந்துவிடும். எனவே பங்குனியில் கடைசி அறுவடையின்போது, ஒன்றிரண்டு நிறைந்த சட்டங்களைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். பாகு வைத்தே ஆக வேண்டுமென்றால், துளிர்க்காலம் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவிட்டு, பாகு தங்கியிருக்கக்கூடிய சட்டங்களைத் தேன் எடுக்காமல் ஒதுக்கி வையுங்கள்.