மரபியல் கூறும் புல்லும் மரமும்: பொருட்பாகுபாட்டில் மனத்தின் நெறி

உலகத்துப் பொருள்கள் எண்ணிறந்தன. அவற்றைக் குறிக்கும் சொற்களோ எண்ணுக்கு உட்பட்டன. தனித்தனிப் பொருளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் இடின், நினைவும் தாங்காது, பேச்சும் நிகழாது. ஆதலின் மனம் பலவற்றை ஒன்றாகத் தொகுத்து வகைப்பெயர் இடுகின்றது. அத்தொகுப்பு நிகழும் முறையைத் தொல்காப்பிய மரபியலின் ஒரு பகுதி கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வகைப்படுத்தும் நெறி இருவகைப்படும். ஒன்று வரையறை நெறி. ஓர் இனத்தைச் சார்ந்தன எல்லாவற்றிற்கும் பொதுவாய், பிறவற்றிற்கு இல்லாததாய் உள்ள பண்பு கொண்டு பிரிப்பது. அரிஸ்டாட்டில் வழிவந்தோர் இதனையே கொண்டனர். மற்றொன்று ஒப்புமை நெறி. ஓரினத்துப் பொருள்கள் அனைத்திற்கும் பொதுப்பண்பு ஒன்று வேண்டுவதில்லை. ஒரு குடும்பத்தார் முகச்சாயல்போல ஒப்புமைகள் பின்னிக் கிடப்பின் அமையும் என்பது 1953இல் வெளிவந்த விட்கன்ஸ்டைனின் நூற்கருத்து. ஓரினத்துள்ளும் சில தலைமைச் சான்றாகவும், சில விளிம்பில் நிற்பனவாகவும் மனத்தில் தோன்றும் என்பதை 1970களில் எலினார் ராஷ் என்னும் உளவியலறிஞர் ஆய்ந்து காட்டினார்.

இனி, மரபியல் கூறுவதைக் காண்போம். வயிரம் புறத்தே உள்ளன புல் என்றும், அகத்தே உள்ளன மரம் என்றும் தொல்காப்பியர் பகுப்பர். இதன்படி தெங்கும் பனையும் கமுகும் மூங்கிலும் புல்லாம்; திருவானைக்காவில் தலமரமாகப் போற்றப்பெறும் வெண்ணாவல் மரமாம். இது வரையறை நெறியே. ஆயின் ஆசிரியர் இதனோடு அமையாது, ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலியவற்றைப் புல்லின் உறுப்புப்பெயராகவும், இலை, தளிர், முறி, பூ, அரும்பு முதலியவற்றை மரத்தின் உறுப்புப்பெயராகவும் தொகுத்தார். காய், பழம் போல்வன இரண்டிற்கும் பொது என்றார். ஆகவே பொருளின் அமைப்பும் சொல்வழக்கும் ஆகிய இரண்டுமே இவர்க்கு அளவுகோல்கள் என்பது பெறப்படும்.

இவ்விரண்டும் முரணுங்கால் என் செய்வது? திருவரங்கத் தீவிலும் இலால்குடிப் பக்கத்தும் செழித்து வளரும் வாழை இதற்கு ஏற்ற சான்று. 1993இல் திருச்சிராப்பள்ளியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டமையும் இந்நிலத்திற்கும் வாழைக்கும் உள்ள உறவை உணர்த்தும். வாழையின் தண்டாக நமக்குத் தோன்றுவது இலையுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய பொய்த்தண்டே. அதற்கு அகத்தும் வயிரம் இல்லை, புறத்தும் இல்லை. அதன் மடலும் குலையும் புல்லின் பெயர்கள். இலையும் பூவும் மரத்தின் பெயர்கள். மக்களோ ஐயமின்றி ‘வாழைமரம்’ என்பர். உயர்ந்து நிற்றலும் கனி தருதலும் ஆகிய ஒப்புமைகளே அவர்க்குப் போதியன.

மற்றொன்றும் கருதற்பாலது. பிள்ளை, குழவி, கன்று, போத்து என்னும் இளமைப்பெயர்கள் ஓரறிவுயிர்க்கும் அமையும் என்ற ஆசிரியர், நெல்லுக்கும் புல்லுக்கும் அவை பொருந்தா என விலக்கினார். தெங்கு புல்லாயின் ‘தென்னம்பிள்ளை’ என்னும் வழக்கு வழுவாதல் வேண்டும். எனவே இவ்விடத்துப் ‘புல்’ என்பது அறுகு முதலிய சிறு புல்லையே குறித்தது எனக் கொள்ளுதல் பொருந்தும். ஒரே சொல் ஓரியலுள்ளேயே விரிந்தும் சுருங்கியும் நிற்கின்றது. இது நூலின் குறையன்று. மனம் வகைப்பெயரை ஆளும் இயல்பு அதுவேயாம்.

மரபியற் பகுப்பு ஒருவித்திலை, இருவித்திலைப் பாகுபாட்டை முன்னரே கண்டது என்று பாராட்டுவோர் உளர். பனையினத்துத் தண்டில் நார்க்கற்றைகள் புறத்தே செறிதலும், வேம்பு போன்றவற்றின் நடுவே வயிரம் ஏறுதலும் உண்மையே. ஆதலின் இரு பகுப்பும் பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன. ஆயினும் 17ஆம் நூற்றாண்டில் ஜான் ரே வகுத்த பாகுபாட்டின் அளவுகோல் வித்திலை; மரபியலின் அளவுகோல் வயிரம். பயன் ஒத்தமையால் கருத்தும் ஒன்றே எனல் ஆராய்ச்சி ஆகாது.

தொல்காப்பியர் தம் பகுப்பைச் சான்றோர் கூற்றாகவே மொழிந்தார்; உறுப்புப்பெயர்களைக் கூறுங்கால் பிறவற்றிற்கும் இடம் வைத்தார். அவ்விடத்திலேதான் வாழை நிற்கின்றது. ஆதலின் பழந்தமிழ்ப் பாகுபாடு ஒன்றை ஆராய்வோர் அதன் வரையறை யாது, அதற்குரிய சொற்கள் யாவை, உலகவழக்கு அதனை எங்கே மீறுகின்றது என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். வரையறையை மட்டும் கொள்வோர்க்கு நூல் புலப்படும். அதனை ஆண்ட மக்களின் மனம் புலப்படாது.