தரங்கம்பாடி... நடந்தே பாருங்கள்!

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கலசாபிஷேகம், மாலை மாற்றல், இலைச் சாப்பாடு எல்லாம் முடியும்போது உச்சி வெயில். "அப்புறம் என்ன, வண்டியை எடு" என்று ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறோம். ஐந்தாறு மணி நேரம் வேனில் காலைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்து வந்ததில், அறுபது முடிந்த அப்பாவுக்குக் கால் வீங்கிவிடுகிறது. அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

ஒரே ஒரு நாள் கூடுதலாகத் தங்குங்களேன்! திருக்கடையூருக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது தரங்கம்பாடி. 'தரங்கம்' என்றால் அலை. 700 வருஷத்துக் கோயில், 400 வருஷத்துக் கோட்டை, 300 வருஷத்து சர்ச் எல்லாம் ஒரே கடற்கரையில், கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, காலாற நடந்தே பார்த்துவிடலாம். உடம்புக்கு இதைவிட நல்ல சுற்றுலா கிடையாது.

மயிலாடுதுறையில் இருந்து இந்த ஊருக்கு 1926-ல் ரயில் வந்தது, 1986-ல் நின்றுபோனது. இப்போது மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ் அல்லது கார்தான்.

காலை 6 மணி: கடலோரம்

கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலில் இருந்துதான் எழும்பும். அதைப் பார்த்துவிட்டு, கரையை ஒட்டி நிற்கும் மாசிலாமணி நாதர் கோயிலுக்குப் போங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில் இது. பழைய கட்டடத்தின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போய்விட்டது.

அடுத்தது டான்ஸ்போர்க் கோட்டை. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, டென்மார்க்கில் இருந்து கப்பலில் வந்த ஓவ் ஜெட்டே என்ற தளபதி கட்டத் தொடங்கியது. மிளகு வியாபாரத்துக்காக வந்தவர்கள் இவர்கள். நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஏட்டில் அனுப்பிய கடிதம் இன்றும் அந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் ஒரு மியூசியம் இருக்கிறது. அதற்கு வார விடுமுறை உண்டு, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் இருந்து ராஜ வீதிக்குள் நுழைந்தால் 1701-ல் கட்டிய சீயோன் சர்ச், 1718-ல் கட்டிய புது எருசலேம் சர்ச் இரண்டையும் பார்க்கலாம். 1706-ல் இங்கே வந்து இறங்கிய சீகன்பால்கு ஐயரின் கல்லறை இருப்பது புது எருசலேம் சர்ச்சில்தான். தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இதே ஊரில்தான்; அந்த வேலை 1715-ல் முடிந்தது. வீதியின் மேற்குக் கோடியில் இருக்கும் நகர வாசல் 1792-ல் கட்டியது. கடலில் இருந்து அந்த வாசல் வரை நேராக நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனால் ஒன்றரை மணி நேர நடை. பெரியவர்கள் உட்கார்ந்து, எழுந்து, பேசிக்கொண்டே போகலாம்.

கறிவேப்பிலையும் தரங்கம்பாடியும்

உங்கள் வீட்டு ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலைக்கும் இந்த ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. தாவர இயலில் அதன் பெயர் 'முர்ராயா கோனிகியை'. இதில் இருக்கும் 'கோனிக்', 1768-ல் தரங்கம்பாடி மிஷனுக்கு டாக்டராக வந்த ஜோஹன் கெர்ஹார்ட் கோனிக். தாவரங்களுக்கு முறையாகப் பெயர் வைக்கும் வழியைத் தந்த லின்னேயஸின் மாணவர் இவர். தென்னிந்தியச் செடிகொடிகளைத் தேடித் தேடிச் சேகரித்தார்.

அவருக்கும் முன்பே, 1711-ல், இங்கிருந்த கிருண்ட்லர் என்ற பாதிரியார் தமிழ் மருத்துவத்தைப் பற்றி ஜெர்மன் மொழியில் ஒரு கையெழுத்துப் பிரதி தயாரித்து ஜெர்மனிக்கு அனுப்பினார். நம் நாட்டு வைத்தியர்கள் சொன்ன நாடியும் நோயும் 300 வருஷத்துக்கு முன்பே இந்தக் கடற்கரையில் இருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியிருக்கின்றன!

மணலில் படர்ந்து கிடக்கும் அடப்பங்கொடியையும், முள்முள்ளாக உருளும் இராவணன் மீசையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரை மணலைப் பிடித்து வைத்திருப்பவை இவைதான். பிடுங்க வேண்டாம்.

ஓசோன் காற்று ஆஸ்துமாவைத் தீர்க்குமா?

"டாக்டர், தரங்கம்பாடிக் காத்துல ஓசோன் இருக்காமே... அப்பாவைப் பத்து நாள் அங்க கொண்டுபோய் வச்சிருந்தா இரைப்பு சரியாயிடுமா?" இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. பதிலைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பி இன்ஹேலரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

நம்மைக் காக்கும் ஓசோன் படலம், தலைக்கு மேலே பதினைந்து கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது அதன் வேலை. அதே ஓசோன் நாம் மூச்சு விடும் காற்றில் கலந்தால் மருந்து அல்ல. மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. ஆஸ்துமாக்காரர்களுக்கு அது ஆகவே ஆகாது. கடற்கரையில் நம் மூக்குக்கு எட்டும் அந்தத் தனி வாசனை ஓசோன் இல்லை. கடலில் வாழும் நுண்ணுயிர்களால் உண்டாகும் ஒரு கந்தக வாயுதான் அதற்கு முக்கியக் காரணம்.

அப்படியானால் கடற்காற்று சுகமாக இருக்கிறதே, எப்படி? வண்டிப் புகையும் தூசியும் குறைவு. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகி, அங்கே காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலில் இருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மனசும் லேசாகிறது. இவ்வளவும் நல்லதுதான். ஆனால் இது வைத்தியம் ஆகாது.

சித்த மருத்துவமும் இதைத்தான் சொல்கிறது. ஐந்து நிலங்களில் நோயில்லாத நிலம் என்று நம் நூல்கள் சொல்வது வயலும் வாய்க்காலுமான மருதத்தை. கடலும் கடல் சார்ந்த நெய்தலில் வாதம் மிகும் என்பது அவற்றின் கணிப்பு. எனவே மூட்டு வலி, இடுப்பு வலி உள்ளவர்கள் அதிகாலை ஈரக் காற்றில் காதை மூடிக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் சுக்கு மல்லிக் காபி குடியுங்கள். எந்த முறை மருந்து சாப்பிட்டாலும், இன்ஹேலர் உபயோகித்தாலும், ஊர் மாறிவிட்டது என்று நிறுத்தக் கூடாது.

யார் எப்படி நடக்கலாம்?

மூட்டு வலி: புதைமணலில் நடக்கத் தார் ரோட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பு வேண்டும். ஈரம் பட்டு இறுகிய மணலில், அதுவும் சரிவு இல்லாத இடமாகப் பார்த்து, பத்து நிமிஷம் நடந்தால் போதும். மிச்ச நடையை வீதியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்: செருப்பைக் கழற்றவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கிளிஞ்சல் கிழித்ததும் தெரியாது, மணல் சுட்டதும் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாத்திரை போட்டுவிட்டு, அல்லது இன்சுலின் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு நடக்காதீர்கள். பையில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே வாயில் போடுங்கள்.

இருதய நோய், பி.பி.: பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டுதல் இருந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று இஞ்சிச் சாறு குடித்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108-ஐ கூப்பிடுங்கள்.

எல்லோருக்கும்: காலை ஒன்பது மணிக்குள் நடையை முடியுங்கள், சாயங்காலம் நாலரைக்கு மேல் மறுபடி வெளியே வரலாம். வெயில் வேளை மியூசியத்துக்கும் தூக்கத்துக்கும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர், மோர், இளநீர் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இளநீரைத் தொட வேண்டாம்.

கடலில் இறங்கலாமா?

காலை நனைக்கலாம், நீந்தப் போக வேண்டாம். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்த ஊரையும் அடித்துப் போட்டது. அலையைத் தடுக்கக் கரையோரம் போட்டிருக்கும் பாறாங்கற்கள் பாசி பிடித்து வழுக்கும். போட்டோ எடுக்க அதன் மேல் ஏறாதீர்கள். அலை இல்லாமல் அமைதியாகத் தெரிகிற இடத்தில்தான் தண்ணீர் உள்ளே இழுத்துப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. இழுப்பில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். சின்னப் பிள்ளைகள் எப்போதும் உங்கள் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும். அன்றைய கடல் எப்படி என்று அங்குள்ள மீனவர்களைக் கேளுங்கள். அவர்கள் "வேணாம்" என்றால் வேண்டாம்தான்.

எப்போது போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் உத்தமம். அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை மழையும் புயலுமாகக் கடல் கொந்தளிக்கும். கோடையில் போனால் நடையை இன்னும் சீக்கிரமே முடித்துவிடுங்கள்.

பையில் வையுங்கள்: வழக்கமான மருந்துகள் இரண்டு நாளைக்குக் கூடுதலாக, இன்ஹேலர், குடை அல்லது தொப்பி, தண்ணீர் பாட்டில், பிடிப்புள்ள செருப்பு, சுக்குப் பொடி, ஒரு சின்ன டார்ச்.

போகும்போதும் வரும்போதும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு ஏறுங்கள். கால் வீக்கம் பாதி குறையும். கோட்டையையும் கோயிலையும் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் நடக்க முடிந்த கால்களுக்கு, உங்கள் தெருவில் தினம் அரை மணி நேரம் நடப்பது பெரிய காரியமா என்ன? ஊர் திரும்பிய மறுநாள் காலையே ஆரம்பித்துவிடுங்கள்!