ஆயிரம் ரூபாயில் வீட்டுக்குள்ளே எலக்ட்ரானிக்ஸ் ஆய்வுக்கூடம்!
பட்டாசு ஊர்ப் பிள்ளைகளுக்கு சால்டரிங் தேவையே இல்லை

மல்லாங்கிணறு,–

சுமார் ஆயிரம் ரூபாய் இருந்தால் போதும். பிளஸ் 2 மாணவர் எலக்ட்ரானிக்ஸ் செய்முறைப் பாடத்தை வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம். மல்லாங்கிணறு, காரியாபட்டி பக்கம் தீப்பெட்டி, பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கும் இது எட்டாத செலவல்ல. ஒரே நாளில் வாங்கவும் வேண்டாம். மாதம் ஒன்றாகச் சேர்க்கலாம்.

பிளஸ் 2 இயற்பியல் செய்முறையில் டையோடு, டிரான்சிஸ்டர், லாஜிக் கேட், டிமார்கன் தேற்றம் எல்லாம் உண்டு. கூட்டம் நிறைந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பலகையைச் சுற்றிப் பலர் நிற்பார்கள். கை வைப்பது ஒருவரோ இருவரோதான். "தொடாதே, கெட்டுப்போயிடும்" என்ற பயம் வேறு!

என்ன வாங்குவது?

ஒரு பிரெட்போர்டு, சாதாரண மல்டிமீட்டர், ஒரு கைப்பிடி ரெசிஸ்டர், எல்.இ.டி., டையோடு, டிரான்சிஸ்டர், நாலைந்து ஐ.சி., பேட்டரி. விருதுநகர், மதுரைக் கடைகளில் கேட்கலாம்; தபாலிலும் வரவழைக்கலாம். சாமான்களைப் போட்டுவைக்க காலித் தீப்பெட்டிகள் இருக்கவே இருக்கின்றன!

9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. இதுதான் முதல் பாடம். சுமார் 15 மில்லி ஆம்பியர் ஓடும். மீட்டரில் பார்த்தால் ஓம் விதி கண்ணுக்குத் தெரியும்.

அடுத்தது லாஜிக் கேட். 74ஹெச்.சி. வகை ஐ.சி. வாங்கினால் மூன்று பென் டார்ச் செல்லே போதும். 14-வது காலுக்கு பிளஸ், 7-வது காலுக்கு மைனஸ். உள்ளீட்டுக் கால்களை மட்டும் அந்தரத்தில் விடக்கூடாது.

நெருப்பு ஜாக்கிரதை!

சால்டரிங்குக்கான ஈயக் கலவை உருக சுமார் 190 டிகிரி சூடு வேண்டும். சால்டரிங் அயனின் முனை அதைவிட அதிகமாகக் கொதிக்கும். மருந்து ஒட்டிய துணி, காகிதம், திரி புழங்கும் வீட்டில் அது விளையாட்டல்ல. பிரெட்போர்டில் ஒயரைச் செருகினால் போதும், சூடே இல்லை. இருந்தாலும் பேட்டரியின் இரு முனையும் ஒட்டினால் பொறி பறக்கும். எனவே மருந்துச் சாமான் இருக்கும் இடத்தில் எந்தச் சோதனையும் கூடாது. 230 வோல்ட் சுவர் பிளக்கையும் தொடவே கூடாது.

டெல்லிக்காரர்கள் செய்த பெட்டி

அலைகளைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் வாங்கப் பல ஆயிரம் ஆகும். அதற்கும் வழி உண்டு. டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், 2004-ல் 'பீனிக்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அதில் விஞ்ஞானி பி.பி.அஜித்குமார் குழுவினர் உருவாக்கியதே 'எக்ஸ்பைஸ்' என்ற கையடக்கப் பெட்டி. கம்ப்யூட்டரில் செருகினால் ஆசிலோஸ்கோப், வோல்ட் மீட்டர், அலை உண்டாக்கும் கருவி எல்லாம் அதுவே. மென்பொருள் இலவசம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப், அண்ணன் அக்காவிடம் வேலை செய்யும் நிலையில் இருந்தால் அதுவே போதும். நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கலாம்.

2016-ல் வந்த மத்திய அரசின் அடல் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்ச ரூபாய் வரை கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஆனால் அந்த ஆய்வகத்தையும் மாலையில் பூட்டிவிடுவார்கள். வீட்டு மேஜையில் ராத்திரி எட்டு மணிக்கும் எல்.இ.டி. எரியும். ஐ.சி. ஒன்று கெட்டாலும் நஷ்டம் சில ரூபாய்தான்; ஏன் கெட்டது என்று பிள்ளை தெரிந்துகொண்டால் அது லாபம்!