பழைய ஊர்தியின் தடுப்பும் எண்ணெய்க் கசிவும்

மோட்டார் ஊர்தியை ஓடச் செய்வது அதன் பொறி. ஊர்ந்து செல்வோரின் உயிரைக் காப்பதோ பிறேக்கு எனப்படும் தடுப்பு. அத்தடுப்பை இயக்குவது ஒரு போத்தலுள் அடங்கத்தக்க சிறிதளவு திரவமேயாம். அது கசியுங்கால் செய்யத்தக்கது யாதென்பதை, பழைய லாண்ட் றோவர் ஊர்தியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கரடுமுரடான நிலத்திற் செல்லவென ஆக்கப்பட்ட இவ்வூர்தி, 1948 ஏப்பிரில் 30 ஆம் நாள் அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் முதன்முதல் காட்டப்பெற்றது. 'சீரிஸ்' என வழங்கும் அதன் பழைய வகைகளின் ஆக்கம் 1985 இல் முடிவுற்றது. எனினும் அவற்றுட் பல இன்றும் ஓடுகின்றன.

இத்தடுப்பின் அடிப்படை, மாணவர் பௌதிகவியலிற் கற்கும் பாஸ்கலின் தத்துவமாகும். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கப்படும் அமுக்கம், எல்லாத் திசைகளிலும் குறைவின்றிச் செலுத்தப்படும். காலால் மிதியை அழுத்த, தலைமை உருளையிலெழும் அமுக்கம் குழாய்கள் வழியே சில்லு உருளைகளை அடைந்து, பிறேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தோடு உராயச் செய்கிறது. 'அடைபட்ட' என்னுஞ் சொல்லே இங்குக் கருதத்தக்கது. திரவம் வெளியேற வழியிருப்பின் அமுக்கம் எழாது. இவ்வூர்திகளுட் பலவற்றில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே சுற்று அமைந்திருத்தலின், ஓரிடத்துக் கசிவு நான்கனையும் செயலற்றனவாக்க வல்லது.

குறைந்த திரவத்தை நிரப்பிக்கொண்டே ஓட்டுதல் பலர் செய்யும் தவறாகும். பெற்றோல் போல எரிந்து தீரும் பொருளன்று அது. குறைந்ததாயின், எங்கோ வெளியேறிற்று என்பதே பொருள்.

முதலில், கசிவது யாதெனத் துணிதல் வேண்டும். இவ்வூர்தியின் அச்சிலுள்ள ஓயில் சீல் பழுதுற்றாலும் சில்லின் உட்புறம் நனையும். அச்செண்ணெய் தடித்தது, கந்தக நாற்றமுடையது, நீரிற் கரையாது. பிறேக்குத் திரவமோ மெல்லியது, நீரிற் கரைவது, வண்ணப் பூச்சை அரிப்பது.

அடுத்து, இடத்தை நாடுக. உலோகக் குழாய்களிலே துருப்பிடித்த பகுதிகளையும் இணைப்புகளையும் துடைத்துவிட்டு, மிதியை அழுத்துவித்துப் பார்த்தல் வேண்டும். முன் சில்லுகளுக்கு இரண்டும் பின்னச்சுக்கு ஒன்றுமாகவுள்ள இறப்பர்க் குழாய்கள் வெடித்தோ வீங்கியோ உள்ளனவா எனக் காண்க. தலைமை உருளையின் பின்புறம் கசியின், திரவம் மிதி வழியே வடிந்து ஓட்டுபவரின் காலடியிற் காணப்படும். சில்லு உருளையின் கசிவு டிரம்மினுள் மறைந்திருக்கும்; ஊர்தி ஒரு பக்கமாக இழுப்பது அதற்கொரு குறி. கலத்திற் குறையாதிருக்க, அழுத்திய மிதி மெல்லமெல்லத் தாழுமாயின், தலைமை உருளையின் உள்ளிருக்கும் இறப்பர்க் கிண்ணமே பழுதுற்றிருத்தல் கூடும். வெளியே ஒரு துளியும் காட்டாத இப்பழுதே மிகவும் ஏமாற்றுவது.

சில்லு உருளையைச் சீர்செய்யுமுன், மற்றைச் சில்லுகளுக்கு அடைகொடுத்து, ஊர்தியை ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்துக. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்தஸ் இருத்தல் கூடுமாதலின், தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைத்தெடுக்க. உருளையின் தூசுறையை விலக்குங்கால் உள்ளே திரவம் நிற்பின், கிண்ணம் கிழிந்ததென அறிக. உருளையின் உட்சுவர் மழுங்கலின்றி வழுவழுப்பாயின் புதிய கிண்ணம் போதும். குழி விழுந்திருப்பின் உருளையையே மாற்றுக. திரவம் ஊறிய ஷூக்களைக் கழுவிப் பயன்படுத்தலாகாது. அவ்வச்சின் இருபுறமும் ஒருங்கே மாற்றல் வேண்டும்.

உட்சுவரிற் குழி விழுந்தது எதனால்? கிளைக்கோல் வகைத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்நீர் உலோகத்தைத் துருவேற்றும். துரு இறப்பரைக் கிழிக்கும். மேலும், 'டொட் 3' தரத் திரவம் புதிதாயிருக்கையிற் குறைந்தது 205 பாகை சதமளவை வரை கொதியாதிருத்தல் வேண்டுமென்பது விதி, 3.7 சதவீத நீர் சேர்ந்த நிலைக்கு அவ்வெல்லை 140 பாகையே. நெடிய இறக்கத்திலே தடுப்புச் சூடேறுங்கால் திரவம் கொதித்து ஆவியாயின், மிதி வெறுமையாய்க் கீழிறங்கும். கனிய எண்ணெயை ஒருபோதும் ஊற்றலாகாது. அது இறப்பரை ஊதச் செய்து முழுத் தொகுதியையும் கெடுக்கும்.

ஈற்றில், புகுந்த காற்றை அகற்றல் வேண்டும். பொதுவாகத் தலைமை உருளைக்குச் சேய்மையிலுள்ள சில்லிலிருந்து தொடங்குவர். ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் காற்றகற்றும் திருகாணியைத் திறந்து, மிதி மேலெழுமுன் மூடுவார். குமிழிகள் ஒழியும்வரை இவ்வாறு செய்க. கலம் வெறுமையாக விடற்க. பின்னர் ஒரு நிமிடம் மிதியை வலிதாய் அழுத்தி, அது தாழாமையையும் இணைப்புகள் உலர்ந்திருத்தலையும் கண்டபின்னரே, சமதரையில் மெல்ல ஓட்டிச் சோதித்தல் முறை.

ஆகவே, சில்லிற் கண்ட துளிக்குக் காரணம் கிழிந்த கிண்ணம். கிண்ணம் கிழிந்தமைக்குத் துருவும், துருவுக்கு மாற்றப்படாத பழந் திரவமும் காரணங்களாம். கசிவை நிறுத்தியவர் பாதி வேலையே முடித்தார். இரண்டாண்டுக்கு ஒருமுறை திரவத்தைப் புதுப்பிப்பவரே பழுதின் வேரைக் களைந்தவராவர்.