படியேறும் கூட்டத்தில் கடைசியாக வருபவர்

திருத்தணி மலைக்கு 365 படிகள். வருடத்தின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். திருப்பதிக்கு அலிபிரி வழியாக 3,550 படிகள் ஏறியவர்களுக்கு இது ஒரு மலையாகவே தோன்றாது. அந்த அலட்சியம்தான் சிக்கல். ஊரிலிருந்து வேன் வைத்து வரும் குழுவில் பாதிப் பேர் இரவெல்லாம் தூங்கியிருக்க மாட்டார்கள். விரதம் என்று வெறும் வயிறு. சாப்பிடாததால் மாத்திரையும் போட்டிருக்க மாட்டார்கள்.

பாட்டு நிற்கக் கூடாது

டிசம்பர் 31 இரவு நடக்கும் படித் திருவிழாவில் படிக்குப் படி கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி ஏறுகிறார்கள். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் போய் வாழ்த்துவதைவிட முருகனை வணங்கலாமே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. பக்திக்காக வந்த ஏற்பாடுதான். ஆனால் இதைவிட நல்ல வேகத்தை இதய மருத்துவர்கூடச் சொல்ல முடியாது. வேகமாகப் படியேறும்போது, சமதளத்தில் மெதுவாக நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் உடல் உழைக்கிறது. மூச்சு முட்டாமல் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிந்தால் வேகம் சரி. “அரோகரா” சொல்லவே திணறினால் நிற்க வேண்டும்.

குழுக்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். இளவட்டங்கள் விறுவிறுவென்று ஏறி, நிழல் கண்ட இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகக் காத்திருப்பார்கள். கடைசியாக வரும் பெரியம்மா அங்கே கால் வைத்ததும், “வந்துட்டீங்களா, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு தேவையில்லாதவர்களுக்கு ஓய்வு. தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அவரும் கூச்சப்பட்டு எதுவும் சொல்ல மாட்டார். குருசாமி முன்னால் போகட்டும், விவரம் தெரிந்த ஒருவர் கடைசி ஆளோடு வரட்டும்.

வெயிலும் வெறுங்காலும்

கோடையில் தமிழகத்தின் வெப்பப் பட்டியலில் திருத்தணி அடிக்கடி இடம்பிடிக்கும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே புதிதல்ல. ஆடிக் கிருத்திகை சமயத்திலும் உச்சிவெயில் லேசுப்பட்டதல்ல. காலை எட்டு மணிக்குள் ஏறி முடிப்பது உத்தமம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரோ உப்புப் போட்ட நீர்மோரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும்.

பாதத்தைத்தான் யாரும் நினைப்பதில்லை. சர்க்கரை நோய் நாள்பட்டால் உள்ளங்கால் மரத்துப்போகும். சுடுகல்லில் நடந்தும் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து வேட்டியில் ஈரம் பட்ட பிறகுதான் கொப்புளம் உடைந்தது தெரியும். அது ஆறாத புண்ணாகலாம். உறைத்த பிறகு நிழலுக்கு ஓடுவது மற்றவர்களுக்குச் சரி. இவர்களுக்கு வெயிலுக்கு முன்பே போய்வருவதுதான் வழி. அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்த்துவிட வேண்டும்.

கைநடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள், பானகமும் உதவும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடல் அனலாகக் கொதித்துப் பேச்சு குழறினால் வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே 108-ஐ அழைக்க வேண்டும்.

ஏறவா, இறங்கவா?

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடையில் வலி என்றால் “வாயு” என்று சோடா வாங்கித் தர வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் மாரடைப்பு வரும்.

மேலே வரை வண்டிப்பாதை இருக்கிறது. இதயத்தில் கோளாறு உள்ளவர்கள் வண்டியில் ஏறி, மருத்துவர் சரி என்றால் படிவழியாக மெல்ல இறங்கலாம். மூட்டு தேய்ந்தவர்களுக்கு இது தலைகீழ்: இறங்கும்போதுதான் முழங்காலில் சுமை அதிகம் விழும். அவர்கள் படியேறி, வண்டியில் இறங்கட்டும்.