புள்ளியைப் பின்தொடரும் சமன்பாடு: தோற்பரப்பைச் சான்றாகக் கொண்ட ஒரு விளக்கம்

பாகாயம், ஆம்பூர் வட்டாரத்துப் பொறியியல் மாணவர்க்குக் கணினிப் பார்வையின் அடிப்படைச் சமன்பாடொன்றை விளக்க, நகரும் பட்டையில் செல்லும் தோலை அடுத்தடுத்து எடுத்த இரு படங்கள் போதும். முதற்படத்தில் கண்ட புள்ளி இரண்டாம் படத்தில் எங்கே உள்ளது? இதற்கு லூக்காசும் கனாடேவும் 1981இல் வகுத்த முறையை, 1991இல் தொமாசியும் கனாடேவும் விரிவாக்கினர்.

முதற்படத்தின் ஒளிர்வு மு, இரண்டாவதன் ஒளிர்வு இ, நிலை நி, இடப்பெயர்ச்சி பெ. (ஆங்கில நூல்களில் இடப்பெயர்ச்சிக்கும் நுண்கணிதக் குறிக்கும் ஒரே எழுத்து வருவதுண்டு, அக்குழப்பம் இங்கில்லை.) புள்ளி நகரினும் அதன் ஒளிர்வு மாறாது எனக் கொண்டால்,

இ(நி) = மு(நி − பெ)

மாணவர் பெரிதும் இடறுவது இக்கழித்தற்குறியில்தான். இப்போது நி என்னுமிடத்தில் இருப்பது, முன்பு பெ அளவு பின்னே இருந்தது என்பதே அதன் பொருள். கூட்டற்குறி இட்டால் விடையின் திசை தலைகீழாகும். டெய்லர் தொடரை முதற்படியோடு நிறுத்தினால்,

மு − இ = ச · பெ

இதில் ச என்பது ஒளிர்வுச் சரிவு. ஒரு பரிமாணத்தில், வலப்புறம் நோக்கிப் படப்புள்ளிக்கு 4 அலகு ஒளிர்வு உயர்கிறது, மு − இ = 6 எனில், பெ = 1.5 படப்புள்ளி, வலப்புறமாக.

இரு பரிமாணத்திலோ சமன்பாடு ஒன்று, அறியாதவை இரண்டு. ஆகவே சிறு சாளரமொன்றினுள் எல்லாப் புள்ளிகளும் ஒன்றாக நகர்வதாகக் கொண்டு, மீச்சிறு வர்க்க முறையால் பெறுவது:

அ பெ = வ

அ என்னும் 2×2 சமச்சீர் அணியின் உறுப்புகள் ச₁², ச₁ச₂, ச₂² ஆகியவற்றின் கூட்டுத்தொகைகள். வ-இன் உறுப்புகள் (மு − இ)ச₁, (மு − இ)ச₂ ஆகியவற்றின் கூட்டுத்தொகைகள்.

எப்புள்ளியை நம்பலாம் என்பதை அ அணியே சொல்லிவிடுகிறது. மேற்புறம் தேய்த்து நிறப்பூச்சிட்ட வழவழப்பான தோலில் அதன் இரு ஐகன் மதிப்புகளும் சிறியவை. அங்கே கிடைக்கும் எண் பெரும்பாலும் படக்கருவியின் இரைச்சலே. நேராக வெட்டிய விளிம்பில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. விளிம்பின் நெடுகே நிகழும் நகர்வு புலப்படாது. மயிர்க்கால் துளைகள் அழியாத ஆட்டுத்தோலில் இரண்டும் பெரியவை. சிறிய ஐகன் மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே புள்ளியை ஏற்பது என்பது 1991ஆம் ஆண்டு முறையின் விதி.

எனினும் அவ்விதி ஒன்றைக் காப்பதில்லை. துளைகள் ஒன்றையொன்று ஒத்தவை. நகர்வு துளைகளின் இடைவெளியளவு ஆகிவிட்டால், கணிப்பு அண்டைத் துளையைப் பற்றிக்கொள்ளும். படத்தைச் சுருக்கி, பருமட்டாகத் தொடங்கிப் படிப்படியாக நுணுக்குவது இதற்கு வழக்கமான தீர்வு. தோலில் அது முழுதும் உதவாது. சுருக்கும்போது துளைகளே மங்கிவிடும். படங்களை இன்னும் நெருங்கிய கால இடைவெளியில் எடுப்பதே இங்குப் பொருந்தும்.